கால் போன ஆக்ஸலாட்டல் குஞ்சும் வேலூர் வெயிலும்

மார்ச் இரண்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. காட்பாடியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். “மாமா, பாதிக்குக் கையே இல்ல. நைட்டு ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னிருக்கு. என்ன மருந்து ஊத்தறது?”

போய்ப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பில் 43 குஞ்சுகள். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். எண்ணிப் பார்த்ததில் 19-க்குக் காயம். சிலவற்றுக்கு முன்னங்கால், சிலவற்றுக்கு வால் நுனி, நாலைந்துக்குத் தலையின் இருபுறமும் இறகு போல விரியும் செவுளில் ஒரு பக்கமே மொட்டை. ஒன்றுக்கு மட்டும் வயிறு கிழிந்திருந்தது.

அன்றிலிருந்து மே கடைசி வரை இந்த ஊர் வெயிலில் அவற்றை வைத்து நாங்கள் பட்ட பாட்டில் எது உதவியது, எது கெடுத்தது, எது வெறும் செலவு என்று பிரித்து எழுதுகிறேன். இதே நிலையில் மாட்டிக்கொண்டு எதைச் செய்வது என்று முழிப்பவர்களுக்கு ஆகும்.

ஆக்ஸலாட்டல் என்பது மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ நீர்நிலைகளுக்குச் சொந்தமான ஒரு சாலமண்டர், அதாவது பல்லி உருவத்தில் இருக்கும் நீர்நில வாழ்வி. கடைக்காரர்கள் ‘மெக்சிகன் நடக்கும் மீன்’ என்று விற்பார்கள், ஆனால் மீன் இல்லை. தவளைக்கும் தேரைக்கும் தூரத்துச் சொந்தம். சாலமண்டரிலேயே இன்னொரு வகையான நியூட்டுக்குக் கிட்டத்துச் சொந்தம். நியூட்டின் குஞ்சு வளர்ந்து செவுளை இழந்து கரையேறிவிடும். ஆக்ஸலாட்டல் ஆயுள் முழுக்கக் குஞ்சு உருவத்திலேயே தண்ணீரில் கிடக்கும். குஞ்சுப் பருவத்தில் இரண்டுக்கும் காயமும் ஒன்று, சிகிச்சையும் ஒன்று. இந்தியாவில் நியூட் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் போக வேண்டும், அதுவும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், பிடித்து வளர்க்கக் கூடாது. அதனால் நம் ஊர் வீடுகளில் இந்தக் கேள்வி வந்தால் பெரும்பாலும் ஆக்ஸலாட்டல் குஞ்சைப் பற்றித்தான் வரும்.

இவற்றைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரை எல்லாமே குளிர்ந்த நாடுகளில் எழுதியவை. அங்கே குழாயைத் திறந்தாலே 16 டிகிரியில் தண்ணீர் வரும். அதனால் அவர்கள் மருந்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், சூட்டைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலூரில் ஓவர்ஹெட் டேங்க் குழாயை மார்ச் மாதம் மதியம் திறந்தால் கை சுடும். இங்கே அந்த ஒரு வரிதான் முழுக் கதையும்.

முதலில் மனசைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளுங்கள். போன கால் திரும்ப வரும். இத்தாலியரான ஸ்பல்லன்சானி 1768-லேயே சாலமண்டருக்கு வெட்டுண்ட காலும் வாலும் எலும்போடு மறுபடி வளர்வதை எழுதிவிட்டார். குஞ்சு சின்னதாக இருக்க இருக்க வேகம் அதிகம். எங்களிடம் தோளோடு கை போன குஞ்சுக்கு நாலாவது வாரத்தில் விரல் பிரிந்துவிட்டது. செவுளும் வால் நுனியும் அதற்கு முன்பே வந்துவிட்டன. கண் விஷயத்தில்தான் கொஞ்சம் பேதம். நியூட்டுக்குக் கண்ணின் லென்ஸ் வயதான பிறகும் வளரும், ஆக்ஸலாட்டலுக்குப் பொரித்த முதல் இரண்டு வாரங்களில்தான் அந்தத் திறமை. ஆக, உடம்பு தன் வேலையைச் செய்துகொள்ளும். அது செய்து முடிக்கும் வரை உயிரோடு வைத்திருப்பது மட்டும்தான் நம் பொறுப்பு.

கூட்டத்திலேயே விடுவதா, பிரிப்பதா?

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, பிரிக்க வேண்டும். முன்னங்கால் முளைத்ததிலிருந்து நன்றாக வளரும் வரை இவை அசைவதை எல்லாம் கவ்வும். தம்பியின் கை அசைந்தால் அதுவும் தீனிதான். வஞ்சம் ஒன்றும் கிடையாது, கண் அவ்வளவுதான் தெரியும்.

செடி நிறையப் போட்டு மறைவிடம் கொடுத்தால் போதும் என்பார்கள். காயம் படாத 24-ஐ நாங்கள் அப்படித்தான் வைத்தோம். இரண்டு டப்பாகப் பிரித்து, வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டு, இரண்டு வேளைத் தீனியை மூன்று வேளையாக்கினோம். கடி குறைந்தது, நிற்கவில்லை. காயம் பட்டதற்கு அந்த ஏற்பாடு ஆகாது. நொண்டுகிற குஞ்சு ஓட முடியாது, ஏற்கெனவே கடிபட்ட இடத்திலேயே மறுபடி கடிபடும். டப்புக்கு நடுவே வலை வைத்துத் தடுப்பது பார்க்க அழகு, ஆனால் வலையில் செவுள் மாட்டும், ஒன்றின் அழுக்கு இன்னொன்றுக்குப் போகும்.

கடைசியில் அரை லிட்டர் பிளாஸ்டிக் டப்பாக்கள்தான். ஓட்டலில் சாம்பார் கட்டித் தரும் அதே டப்பா, புதிதாக வாங்கி, சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி. ஒரு டப்பாவுக்கு ஒரு குஞ்சு. மூடியின் மேல் மார்க்கரால் எண். தினமும் காலையில் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும், ஃபில்டர் கிடையாது, ஏர் பம்பும் வேண்டாம். 19 டப்பாவுக்குத் தண்ணீர் மாற்ற ஆரம்பத்தில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது, பிறகு முக்கால் மணி. இது சலிக்கும். சலிப்பில் ஒரு நாள் விட்டால் மறுநாள் தண்ணீர் மங்கலாகும். இந்த வேலைக்கு வீட்டில் ஆள் இல்லை என்றால் மற்ற எதையும் வாங்கிச் செலவு செய்யாதீர்கள்.

எந்தத் தண்ணீர்?

வேலூர்க்காரர்களுக்கு இது பழைய பஞ்சாயத்து. வீட்டுக்கு வீடு மூன்று தண்ணீர் இருக்கும்: போர், கார்ப்பரேஷன், கேன்.

போர் தண்ணீர் கடினமானது. ஆக்ஸலாட்டலுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் பிடிக்கும் என்பதால் முதலில் அது நல்லதாகத்தான் பட்டது. ஆனால் இந்த வட்டாரத்தில் போர் என்றால் எந்த இடத்துப் போர் என்று கேட்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். 1996-இல் தீர்ப்பு வந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு இன்றும் சட்டக் கல்லூரியில் பாடம். தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும் உயிருக்கு அந்தப் பக்கத்துக் கிணற்று நீரைத் தருவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொரு சிக்கல் அம்மோனியா. குஞ்சு கழிக்கும் அம்மோனியாவில் ஒரு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் சூடும் தீர்மானிக்கும். 20 டிகிரியில் பிஎச் 7 என்றால் அரை சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8 ஆனால் கிட்டத்தட்ட 4 சதவீதம். அதே பிஎச் 8 தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறினால் ஏழு சதவீதத்தைத் தாண்டும். அதாவது வெளிநாட்டில் இரண்டு நாள் மாற்றாமல் விட்டாலும் தாங்கும் டப்பா, இங்கே ஒரு மதியத்தில் செவுளைச் சுட்டுவிடும். காயம் ஆறவில்லை, செவுள் சுருங்குகிறது என்றால் மருந்துக் கடைக்கு ஓடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கேன் தண்ணீர், அதாவது ஆர்ஓ, தாது எல்லாம் போன தண்ணீர். அதை மட்டும் ஊற்றினால் குஞ்சு உப்பிப்போகும். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும், அவசரமென்றால் மீன் கடையில் குளோரினை முறிக்க விற்கும் ஹைப்போ கரைசல் இரண்டு சொட்டு.

நாங்கள் முடிவு செய்தது: ஒரு நாள் வைத்த கார்ப்பரேஷன் தண்ணீர். அது வராத நாளில் கேன் தண்ணீர் மூன்று பங்கு, எங்கள் தெருப் போர் ஒரு பங்கு. உங்கள் தெருவுக்கு அந்தக் கணக்கு மாறும்.

மருந்து

டப்பாக்களில் பிரித்த பிறகு ஒரு நாள் அக்கா மகன் என்னைக் கேட்காமலேயே ஒரு காரியம் செய்துவிட்டான். மீன் கடை ஒன்றில் கேட்டு, ‘எல்லா நோய்க்கும் ஒரே மருந்து’ என்று கொடுத்த பச்சை நிறக் குப்பியை வாங்கி வந்து, ஐந்து குஞ்சுகளைத் தனிக் கிண்ணத்தில் விட்டு, குப்பியில் எழுதிய அளவில் ஊற்றியிருக்கிறான். ஒரு மணி நேரத்தில் நாலு மல்லாந்துவிட்டன. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் மாலகைட் கிரீனும் ஃபார்மலினும். செதில் இருக்கும் மீனுக்குப் போடும் அளவை வெறும் தோலோடு இருக்கும் குஞ்சுக்குப் போட்டால் வேறென்ன நடக்கும்? கடைக்காரருக்கு மீன் தெரியும், இது தெரியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வகைக் கலவை மருந்துகள் எதுவும் வேண்டாம்.

அப்புறம் மிச்சம் இருப்பவை உப்பு, மெத்திலீன் புளூ, பாதாம் இலை, ஒன்றும் போடாமல் இருப்பது.

உப்பைப் பற்றி இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, பெரிய ஆக்ஸலாட்டலைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுப்பது. இரண்டு சென்டிமீட்டர் குஞ்சுக்கு அது தண்டனை. இன்னொன்று, மெல்லிய உப்புத் தண்ணீரிலேயே வைத்திருப்பது. ஆராய்ச்சிக்கூடங்களில் ஹோல்ட்ஃப்ரெட்டர் கரைசல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். முழு வலுவில் லிட்டருக்கு மூன்றரை கிராம் உப்பு, கூடவே கொஞ்சம் கால்சியம், பொட்டாசியம், சோடா உப்பு. அதை 40 சதவீத வலுவுக்கு இறக்கி அதிலேயே ஆக்ஸலாட்டலை வளர்ப்பார்கள். கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு, பொடித்தால் கால் டீஸ்பூன். இந்த அளவுக்குக் குஞ்சு முகம் சுளிக்கவில்லை. திறந்த காயத்தில் தண்ணீர் உள்ளே புகுவதையும் பூஞ்சை பிடிப்பதையும் ஓரளவு தடுக்கும். அயோடின் கலக்காத கல்லுப்பாக இருக்கட்டும். அயோடினும் தைராய்டும் சேர்ந்துதான் இந்த இனத்தை உருமாறச் சொல்லித் தூண்டும் என்பதால் அந்த விளையாட்டு வேண்டாம்.

மெத்திலீன் புளூ பூஞ்சைக்கு. காயத்தின் மேல் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக வந்தால் மட்டும். எங்களிடம் இரண்டுக்கு வந்தது. தண்ணீர் வெளிர்நீலமாகும் அளவுக்கு, அதாவது வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி, மூன்று நாள் வைத்தோம். ஒன்றுக்குப் பஞ்சு உதிர்ந்துவிட்டது. இன்னொன்று அந்த வயிறு கிழிந்த குஞ்சு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஃபில்டர் ஓடும் தொட்டியில் இதை ஊற்றினால் ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். தனி டப்பாவில் அந்தக் கவலை இல்லை. விரலிலும் சமையல் மேடையிலும் ஏறிய நீலம் பங்குனி உத்திரம் வரை போகவில்லை என்பது அக்காவின் புகார்.

பாதாம் இலை என்றால் நாட்டு வாதுமை. வேலூரில் பள்ளிக்கூட மைதானம், கோயில் வாசல், பேருந்து நிறுத்தம் எங்கே பார்த்தாலும் அந்த மரம் குடை விரித்து நிற்கும். ஆன்லைனில் பத்து இலையை அட்டைப் பெட்டியில் கட்டி விற்கிறார்கள், இங்கே கூட்டித் தள்ளுகிறோம். தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலையை எடுத்து, அலசி, கொதிக்க வைத்து, ஆறிய சாற்றை இளம் டீ நிறத்துக்குக் கலக்கலாம். அதில் இருக்கும் துவர்ப்பு தோலுக்கு இதம், பூஞ்சைக்கும் ஓரளவு தடை. வெளிநாட்டுக்காரர்கள் இதற்காகத்தான் பால் இல்லாத டீத்தூளைக் கொதிக்க வைத்துக் கலக்குகிறார்கள். சாலையோர மரத்து இலை வேண்டாம், புகையும் தூசியும் படிந்திருக்கும்.

ஒன்றுமே போடாமல் விட்டது ஆறு டப்பா. வேண்டுமென்று விடவில்லை, உப்பு தீர்ந்துபோன வாரத்தில் அப்படி ஆனது. வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. உப்பு போட்டவைக்கும் போடாதவைக்கும் ஒரே வேகத்தில்தான் கை முளைத்தது. ஆறு டப்பாவை வைத்துச் சட்டம் பேச முடியாது. ஆனாலும் என் கை இப்போது உப்புக்குப் போவதில்லை. பஞ்சு வந்தால் புளூ, மற்றபடி பாதாம் இலைச் சாறு, அதுவும் அக்காவின் திருப்திக்காக.

சூடு

இங்கேதான் அதிகம் தோற்றோம், அதிகம் கற்றோம். ஆக்ஸலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி சுகம். 20, 21 வரை சமாளிக்கும். 24-க்கு மேல் போனால் தீனி மறுக்கும், தோல் எளிதில் பூஞ்சை பிடிக்கும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். ஜனவரியில் வேலூர் இரவு அதற்குச் சொர்க்கம், அதனால்தான் பிப்ரவரித் தொடக்கத்தில் முட்டையே போட்டிருக்கிறது. மார்ச் கடைசியில் வீட்டுக்குள் மதியம் 36. கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ரிட்ஜைப் பலரும் முதலில் சொல்வார்கள். நோயுற்ற பெரிய ஆக்ஸலாட்டலை ஃப்ரிட்ஜில் வைத்து ஓய்வு கொடுக்கும் பழக்கம் உண்மையிலேயே உண்டு. குளிரில் பூஞ்சை மெதுவாகத்தான் வளரும், உடம்பும் மெதுவாகும். குஞ்சுக்கு அதே காரணத்தால்தான் அது ஆகாது. ஆறேழு டிகிரியில் அது தின்னாது, தின்னாவிட்டால் வளராது, வளராவிட்டால் கை எங்கிருந்து வரும்? பெரியது ஒரு வாரம் பட்டினி கிடக்கும், இது இரண்டு நாள் தாங்காது. போதாக்குறைக்கு என் அம்மா. “இட்லி மாவு பக்கத்துல பல்லியா? நான் இந்த வீட்டுல சாப்பிடணுமா வேணாமா?” அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

மண்பானை எனக்குத் தோன்றிய யோசனை, அதனால் அதன் மேல் கொஞ்சம் பாசம் உண்டு. வட ஆற்காட்டுக் கோடை வறண்ட கோடை. சென்னை போல வியர்வை ஒட்டாது, காற்று ஈரத்தைப் பறிக்கும். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வாய் அகன்ற பானையில் தண்ணீர் ஊற்றி, மணல் மேல் வைத்து, சுற்றி ஈரச் சாக்கு கட்டி, டப்பாக்களை உள்ளே மிதக்கவிட்டேன். அறை 36 டிகிரி இருந்த மதியம் பானைக்குள் 28. எட்டு டிகிரி, ஒரு யூனிட் கரண்ட் இல்லாமல். பெயின்ட் அடித்த பானை, உள்ளே பூச்சு போட்ட பானை எதுவும் இதற்கு உதவாது, கசிய வேண்டும். ஆனால் 28 என்பது நமக்குக் குளுமை, அதற்கு இன்னும் நெருப்பு. தலைப்பிரட்டை வளர்ப்பவர்களுக்குப் பானையே போதும். ஆக்ஸலாட்டலுக்குத் தனியாக அது போதாது. ஐப்பசி மழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும், பானை வேலை செய்யாது, ஆனால் அப்போது அவ்வளவு தேவையும் இராது.

ஐஸ் பாட்டிலை நேராகத் தண்ணீரில் போடுவது எல்லோரும் செய்யும் தப்பு, நானும் செய்தேன். ஒரு இரவு இரண்டு குஞ்சுகளைச் சின்ன டப்பில் ஒன்றாக விட்டு, உறைந்த அரை லிட்டர் பாட்டிலைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். 27-இல் இருந்த தண்ணீர் விடியற்காலையில் 17. இரண்டும் போயிருந்தன. 17 அவற்றுக்குப் பிடித்த அளவுதான். அங்கே போன வேகம்தான் கொன்றது.

ஏலகிரிக்குக் கொண்டுபோகலாம் என்று அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான், நண்பனின் வீடு அங்கே இருக்கிறதாம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், வேலூரை விட நிச்சயம் குளிர்ச்சி. 14 கொண்டை ஊசி வளைவில் 19 டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யார் போவது, மேலே போனபின் தினமும் தண்ணீர் யார் மாற்றுவது என்று கேட்டேன். பேச்சு அதோடு நின்றது.

ஏசி அறை நல்ல வழி, வசதி இருந்தால். 24-இல் வைத்து, டப்பாக்களின் மூடியைத் திறந்து மேலே சின்ன ஃபேன் ஓடவிட்டால் தண்ணீர் 21-க்கு வரும். அக்கா வீட்டு மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் எட்டு யூனிட் கூடியது. கோடையில் மின்தடை வராத வாரம் உண்டா? இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அரை லிட்டர் டப்பா அறையோடு சேர்ந்து சூடாகிவிடும். மீன் தொட்டிக்கு விற்கும் சில்லர் கருவி நான் விசாரித்த இடங்களில் 15,000 ரூபாய்க்குக் கீழே இல்லை. பெரிய ஆக்ஸலாட்டலை வருடக்கணக்கில் வளர்க்கப் போகிறவர் வாங்கலாம். ஒரு மாதச் சிகிச்சைக்கு அது அநியாயச் செலவு.

கடைசியில் ஜெயித்தது தெர்மாகோல் பெட்டி. வேலூரில் இது கிடைப்பது போல வேறு ஊரில் கிடைக்குமா தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இருக்கும் மருந்துக் கடைகளுக்குக் குளிர வைத்து வரும் மருந்தெல்லாம் கெட்டியான தெர்மாகோல் பெட்டியில்தான் வரும், காலி பெட்டியைச் சாயங்காலம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மீன் மார்க்கெட் பெட்டி வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. பெட்டியில் முக்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் குஞ்சு டப்பாக்கள் மிதக்கும். ஒரு மூலையில் உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்று. ஐஸ் படுவது வெளித் தண்ணீரில், குஞ்சு இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் குளிரும். இதில் 20-க்கும் 22-க்கும் நடுவே நின்றது, கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் அசையவில்லை. பாட்டிலை மாற்ற ராத்திரி ஒரு முறை எழ வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் மாற்றுவதற்கான தண்ணீரையும் அதே பெட்டியில் ஒரு பாட்டிலில் வைத்துவிட்டால் சூட்டு வித்தியாசமும் இருக்காது. பானை வீணாகவில்லை. பெட்டிக்கு ஊற்றும் தண்ணீரை முதலில் பானையில் குளிர வைத்ததில் ஐஸ் செலவு குறைந்தது.

தீனியில் சுருக்கமாக. இந்த வயதில் அசையாததைத் தின்னாது. முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் பொடி இறால் முதல் தேர்வு, மொய்னா என்னும் நீர்த்தெள்ளு இரண்டாவது. கொசுப்புழு இலவசம், ஆனால் மிச்சம் விட்டால் பறந்துவிடும், டெங்கு தடுப்புக்கு வருபவர்கள் பார்த்தால் அபராதமும் உண்டு. கால்வாயில் அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு காயம் உள்ளவற்றுக்கு வேண்டவே வேண்டாம், சாக்கடையைக் கையோடு கொண்டுவரும். காயம் பட்டது நகராமல் கிடந்தால் இங்க் ஃபில்லரில் மொய்னாவை எடுத்து வாய்க்கு நேரே விடுங்கள். மிச்சத்தை அரை மணியில் அதே ஃபில்லரால் உறிஞ்சி எடுங்கள்.

எதைக் காப்பாற்றக் கூடாது?

வயிறு கிழிந்த குஞ்சு. குடல் வெளியே தெரிந்தது, மூன்றாம் நாள் பஞ்சு பிடித்தது, மல்லாந்து மிதந்துகொண்டே வாயைத் திறந்து மூடியது. கை வளரும், கால் வளரும் என்று சொல்லிக்கொண்டு அதையும் வைத்திருக்கலாம்தான். ஐந்தாம் நாள் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டு, அவர் சொன்ன அளவில் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டோம். மயங்கி, அப்படியே அடங்கியது. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் சாக்கடையில் ஊற்றுவதும் கருணை ஆகாது. கால், வால், செவுள் என்றால் காத்திருங்கள். வயிறு, தாடை, தலை என்றால், தின்ன முடிகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். முடியவில்லை என்றால் இழுத்தடிக்காதீர்கள்.

19-இல் மருந்துக்கு நாலு, என் ஐஸுக்கு இரண்டு, இது ஒன்று. 12 தேறின.

தேறியவற்றை என்ன செய்வது என்பதில் ஒரு தேர்வு கிடையவே கிடையாது. ஏரியிலோ கோட்டை அகழியிலோ விடக் கூடாது. வெயிலில் செத்துவிடும் என்பது ஒரு பக்கம், அந்நிய உயிரையும் அது சுமக்கும் நோயையும் நம் தவளைகளோடு கலக்கக் கூடாது என்பது இன்னொரு பக்கம். அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸலாட்டல் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் இந்தப் பட்டியல் உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். 2024-இல் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். அக்கா மகன் முட்டையிட்ட பெரிய ஜோடியைப் பதிவு செய்திருந்தான், குஞ்சுகளையும் சேர்த்தான். வாங்கும்போது கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

அவன் எட்டை வைத்துக்கொண்டு மற்றதைப் பதிவு மாற்றிக் கொடுக்க ஆள் தேடுகிறான். அடுத்த முறை முட்டை கண்டால் இருபதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பிரிந்து வளரும் முன்பே உறையவைத்துவிடுவதாகப் பேச்சு. ஒரு ஈட்டுக்கு நூற்றுக்கணக்கில் இடும், அத்தனைக்கும் டப்பா கிடையாது.

பானையை அம்மா மறுபடி குடிதண்ணீருக்கு எடுக்க மறுத்துவிட்டார். மாடியில் அதில் இப்போது கொத்தமல்லி முளைத்திருக்கிறது.